பாட்டிக்கும் ஒரு பெயர் உண்டு

"பரேன்னா யாருய்யா?"

கடந்த தீபாவளிக்குப் பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் நான் அச்சிட்டுக் கொடுத்த ஒரு பழைய படம் இருந்தது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதன் கீழே 'மூத்த பேரன், முதல் பிறந்தநாள்' என்று நான் எழுதியிருந்தேன். ஆனால் தாளில் வந்திருந்தது 'மூத்த பரேன்'. இரட்டைக் கொம்பு 'ப'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் 'ர'வோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பாட்டி தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இன்றும் நாளிதழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நாம் பாதிச் சொல்லைப் பார்த்து மீதியை ஊகித்துக்கொள்கிறோம். அவர் அப்படிச் செய்யமாட்டார். அதனால்தான் நானும் அப்பாவும் கவனிக்காமல் விட்ட பிழை அவர் கண்ணில் பட்டது.

அந்தப் பிழையைத் திருத்தப் போனபோது, என் எழுத்தில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருப்பது தெரிந்தது. இரண்டையும் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய படங்கள் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

கறுப்புத் திரை எதற்கு?

பாட்டி வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஓர் இழுப்பறை. அதில் இரண்டு ஆல்பங்களும், ஒரு துணிக்கடைப் பையில் உதிரிப் படங்களும் இருந்தன. மொத்தம் 214. பல்கலைக்கழக விடுமுறையில் அவற்றை ஒவ்வொன்றாக வருடி எடுத்தேன். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால், மூன்று அங்குல அகலமுள்ள சிறிய படம்கூட 1800 புள்ளி அகலத்துக்கு வந்துவிடும். படத்தின் பின்புறத்தில் பென்சில் குறிப்போ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் எடுத்தேன்.

அடுத்தது விளக்கம் எழுதும் வேலை. கைப்பேசியில் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. பத்துப் படம் என்றால் நானும் அவற்றைத்தான் பயன்படுத்தியிருப்பேன். 214 படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெட்டி வரைந்து, எழுத்து அளவு மாற்றி, இடம் நகர்த்தி முடிப்பதற்குள் விடுமுறை போய்விடும். அதைவிடச் சிக்கல் திருத்தம். "அது 1966 இல்லப்பா, அதுக்கு அடுத்த வருசம்" என்று பாட்டி சொன்னால் அந்தப் படத்தைத் திறந்து எல்லாவற்றையும் மீண்டும் செய்ய வேண்டும்.

நான் கணினி மாணவன் அல்லன். கணக்கியல் படிக்கிறேன். ஒரு பருவத்தில் எடுத்த தரவுப் பாடத்தில்தான் கட்டளை வரி எனக்கு அறிமுகம். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்தால் கணினி அதை நிறைவேற்றும். படங்களைக் கையாள இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டுபான்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஜான் கிறிஸ்டி என்பவர் 1987இல் எழுதத் தொடங்கி, 1990இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. என் வயதைவிட மூத்த மென்பொருள்.

முறை எளிது. ஓர் உரைக் கோப்பில் வரிக்கு ஒரு படம். முதலில் படக் கோப்பின் பெயர், அடுத்து அதற்குரிய விளக்கம். அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு விளக்கத்தையும் வெள்ளைப் பட்டையாக எழுதி, படத்தின் அடியில் ஒட்டச் சொல்லும் சிறிய நிரல் ஒன்று. விளக்கத்தில் பிழை இருந்தால் உரைக் கோப்பில் ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும். நிரலை மறுபடி ஓட்டினால் சில நிமிடங்களில் 214 படங்களும் புதிதாக வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இமேஜ்மேஜிக்கில் மோக்ரிஃபை என்ற கட்டளை இருக்கிறது. கோப்புகளை மொத்தமாக மாற்ற வசதியானது. ஆனால் வேறு இடத்தில் சேமிக்கச் சொல்லாவிட்டால் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். முதல் நாள் இது தெரியாமல் 40 படங்களின் மேல் எழுதி, அத்தனையையும் மறுபடி வருடினேன். மூலப் படங்களை விரலியில் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

வரி எங்கே மடிகிறது?

நீளமான விளக்கத்தை ஒரே வரியில் எழுதினால் படத்தின் அகலத்தைத் தாண்டிப் போய்விடும். சொல்லின் நடுவில் வெட்டாமல், இடைவெளி வரும் இடத்தில் அடுத்த வரிக்கு மடிக்க வேண்டும்.

முதலில் ஃபோல்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்தினேன். ஒரு வரிக்கு 40 என்று கொடுத்தேன். ஆங்கிலம் அழகாக மடிந்தது. தமிழில் வரிக்கு ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் வரவில்லை. காரணம், என் கணினியில் இருந்த ஃபோல்ட் எழுத்துகளை எண்ணவில்லை, பைட்டுகளை எண்ணியது. 'தோட்டம்' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு என்றால் 21 பைட்டு. 'எஸ்டேட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு பைட்டுதான். இரண்டு 'தோட்டம்' சேர்ந்தாலே 40ஐத் தாண்டிவிடும்.

இமேஜ்மேஜிக்கிலேயே இதற்கு வழி இருக்கிறது. லேபிள் என்று கொடுத்தால் எழுத்தைத் தானாக மடிக்காமல் அப்படியே ஒரே வரியில் எழுதும். கேப்ஷன் என்று கொடுத்து, அகலத்தை மட்டும் சொல்லி உயரத்தைச் சொல்லாமல் விட்டால், எழுத்து அளவுக்கு ஏற்ப அதுவே வரிகளை மடித்து, தேவைப்படும் உயரத்துக்குப் பட்டையை உருவாக்கிக்கொள்ளும். இரண்டு வரி என்றால் சிறிய பட்டை, எட்டு வரி என்றால் பெரிய பட்டை. இந்தச் சிறிய வசதி எவ்வளவு பெரியது என்பது பின்னால்தான் புரிந்தது.

'பரேன்' பிறந்ததும் இந்தக் கட்டத்தில்தான். கொம்பை எழுத்துக்கு முன்னால் எழுதுகிறோம். ஆனால் யூனிகோடில் 'ப' முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில்தான் அது சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை. என் கணினியில் நிறுவியிருந்த இமேஜ்மேஜிக்கில் அந்த வேலையைச் செய்யும் ராக்ம் என்ற துணை நிரல் சேர்க்கப்படவில்லை. அதனால் சேமித்த வரிசைப்படியே எழுதிவிட்டது. கேப்ஷனுக்குப் பதிலாகப் பாங்கோ என்று கொடுத்ததும் கொம்புகள் எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்தன. வரியையும் அது ஒழுங்காக மடித்தது. கிரேக்க மொழியில் 'எல்லாம்' என்று பொருள்படும் சொல்லையும், ஜப்பானிய மொழியில் 'மொழி' என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்து வைத்த பெயர் பாங்கோ. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், இலவசம்.

இதைச் சரிசெய்ய இரண்டு இரவுகள் ஆயின. "இங்கிலீஷ்லயே எழுதிட்டா என்ன?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்கும் ஆங்கிலத்திலும் மலாயிலும் தட்டச்சு செய்வதுதான் வேகம். ஆனால் இந்தப் படங்களைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் பாட்டி. அவர் வாசிக்க முடியாத மொழியில் எழுதினால் பிழையை யார் சொல்வார்கள்? ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 'பரேன்' வந்திருக்காது. அதன் பிறகு பாட்டி திருத்திய இருபதுக்கும் மேற்பட்ட தவறுகளும் வெளியே வந்திருக்காது.

ஒரே முகம், இரண்டு கதை

ஒரு படத்தில் லயத்து வீட்டின் முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் இருப்பவர் ஒல்லியான இளைஞர். "என் கடைசித் தம்பி" என்றார் பாட்டி. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற நிலை வந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் இந்தியா திரும்பினார்கள். பாட்டியின் தம்பியும் 1970இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். இரண்டு கடிதம் வந்ததாம். அதோடு சரி.

கிள்ளானில் இருக்கும் பாட்டியின் தங்கைக்கு அந்தப் படத்தைப் புலனத்தில் அனுப்பினேன். "இது தம்பி இல்ல, மூத்த அண்ணன். காய்ச்சல்ல செத்துப்போனாரே, அவரு" என்று குரல் பதிவு வந்தது. பாட்டியிடம் சொன்னேன். "அவளுக்கு அப்ப ஏழு வயசு. அவளுக்கு என்னா தெரியும்?" என்றார். ஆனால் அன்று மாலை அந்தப் படத்தை மறுபடி கேட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஏதாவது ஒன்ன எழுதுடா" என்றார் அப்பா. இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏதாவது ஒன்றை எழுதக்கூடாது. 'தம்பி, 1966' என்று எழுதினால் ஒரே வரியில் அழகாக அடங்கும். நாற்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அது சந்தேகமே இல்லாத உண்மையாகத் தெரியும். அண்ணன், தம்பி இருவரில் ஒருவருடைய ஒரே படத்தை நான் தவறுதலாக அழித்தவனாகியிருப்பேன்.

அதனால் இப்படி எழுதினேன்: '1966 வாக்கில். தெலுக் ஆன்சன், இன்றைய தெலுக் இந்தான், அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயம். வலது ஓரத்தில் நிற்பவர் தன் கடைசித் தம்பி என்கிறார் அக்காள். இறந்துபோன மூத்த அண்ணன் என்கிறார் தங்கை. இருவரிடமும் கேட்டு எழுதியது.' இதில் பெயர்களை மட்டும் இங்கே நீக்கியிருக்கிறேன். படத்தின் கீழே ஆறு வரியாக மடிந்து வந்தது. படம் சிறியது, விளக்கம் பெரியது. பரவாயில்லை. இடத்துக்கு ஏற்றாற்போல் வரலாற்றை வெட்டக்கூடாது. வரலாற்றுக்கு ஏற்றாற்போல் இடம் நீளட்டும்.

ஊர்ப் பெயரையும் பழையது, புதியது இரண்டையும் எழுதுவது நல்லது. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. பாட்டி சொல்வது பழைய பெயர். நாம் வரைபடத்தில் தேடப்போவது புதிய பெயர்.

97 வரிகள்

இனி, பெரிய பிழைக்கு வருகிறேன்.

படங்களை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா மகனின் மகள் வந்து உட்கார்ந்தாள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பாட்டியின் இளவயதுப் படம் ஒன்றை எடுத்து, கீழே எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தாள். "பாட்டி, பால் மரம் வெட்டப் போகும் முன்." என்னை நிமிர்ந்து பார்த்து, "இது பாட்டி இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது சரி. அவளுக்குப் 'பாட்டி' என்றால் என் பெரியம்மா. அவளுக்கே இப்படி என்றால் அவள் பிள்ளைகளுக்கு?

அன்றிரவு உரைக் கோப்பைத் திறந்து ஒரு தேடல் கட்டளை கொடுத்தேன். 'பாட்டி' என்ற சொல் 97 வரிகளில் இருந்தது. பாட்டியின் பெயரைத் தேடினேன். ஒரு வரியிலும் இல்லை. 'பாட்டியின் அம்மா' ஒன்பது வரிகளில் இருந்தார். அவர் பெயர் எனக்கே தெரியாது. 'கிள்ளான் மாமா', 'சின்னப் பாட்டி', 'தோட்டத்து அத்தை' எல்லாரும் இருந்தார்கள். யாருக்கும் பெயர் இல்லை.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அந்த மரியாதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அழைப்பது வேறு, எழுதிவைப்பது வேறு. உறவுச் சொல் எழுதுகிறவனைச் சுற்றித்தான் பொருள் தரும். எழுதியவன் போன பிறகு 'பாட்டி' யாருக்கும் பாட்டி இல்லை. இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் படத்தைக் கொடுத்தால், 'சேலை அணிந்த பெண் ஒரு வீட்டின் முன் நிற்கிறார்' என்று அதுவே எழுதிவிடும். பெயரில்லாமல் நான் எழுதிய விளக்கமும் அதைவிடப் பெரிதாக எதையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பாட்டியிடம் பெயர்களைக் கேட்டேன். தாத்தாவின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. "அட்டையைப் பார்த்துக்கோ" என்று தாத்தாவின் பழைய அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் பெயர் ரோமன் எழுத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு தமிழில் லகரமா ளகரமா ழகரமா என்று சொல்ல முடியவில்லை. பாட்டியின் பெயரிலும் அதே சிக்கல். இருமொழியில் படித்த எனக்கு என் பாட்டியின் பெயரை எழுதத் தெரியவில்லை. ஒரு பேனாவையும் தாளையும் கொடுத்தேன். தன் பெயரையும், தாத்தா பெயரையும், தன் அம்மாவின் பெயரையும் அவரே எழுதினார். மூன்று சொல் எழுதக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தத் தாளையும் வருடி 215ஆவது கோப்பாகச் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் தொடங்க விரும்பினால்

நிரல் எழுதுவது கடைசி வேலை. முதல் வேலை அந்த உரைக் கோப்பு. யார், எங்கே, எப்போது, யார் சொன்னது என்ற நான்கையும் முழுப் பெயரோடு எழுதுங்கள். உறவைப் பெயருக்குப் பின்னால் சேருங்கள். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். அது வெற்றிடத்தைவிடப் பயனுள்ளது.

படத்தின் மேல் எழுதாதீர்கள், அடியில் பட்டை சேருங்கள். முகத்தையோ காலடியையோ மறைத்தால் அங்கே இருக்கும் செருப்பும் மண் தரையும்கூட ஒரு செய்திதான். எக்ஸிஃப்டூல் என்ற இன்னொரு இலவசக் கருவியால் அதே விளக்கத்தைப் படக் கோப்பின் உள்ளேயும் பதியலாம். அது பழைய கோப்பைத் தானாகவே தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே பதிந்ததை மட்டும் நம்ப வேண்டாம். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். அடியில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியது படம் போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

உங்களுக்குக் கட்டளை வரி வேண்டாம் என்றால் பயிற்சிப் புத்தகத்தில் எண் போட்டு எழுதுங்கள். அதுவும் போதும். கணினியில் ஏற்றுவதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப் போடலாம். கேட்பதைத் தள்ளிப் போட முடியாது. சென்ற ஆண்டு பாட்டி தடுமாறாமல் சொன்ன சில பெயர்களை, இந்த ஆண்டு யோசித்துத்தான் சொல்கிறார்.

புதிதாக அச்சிட்ட படங்களைப் பொங்கலுக்குக் கொண்டுபோனேன். பாட்டி விரலை வரியின் அடியில் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். வரி மடியும் இடத்தில் விரலும் மடிந்து அடுத்த வரிக்கு வந்தது. தன் அம்மாவின் பெயரில் விரல் நின்றது. அதை இரண்டு முறை வாசித்தார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

என் உரைக் கோப்பில் 58 வரிகளில் இன்னும் 'பெயர் தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குக் கிள்ளான் போகிறேன்.